ஒரு தெருவை எப்படி மீட்பது: புதுச்சேரித் தமிழர் பகுதியின் பழைய வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பிரெஞ்சுப் பகுதியைப் படம் எடுக்க ஊரே வருகிறது. மேற்கே இருக்கும் தமிழர் பகுதியில்தான் வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடி ஆகின்றன. 1761-ல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோடுகளின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். தெருவை ஒட்டி ஓட்டுத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, செதுக்கிய கதவு, நடை, தூண் வைத்த முற்றம் என்பது இங்குள்ள வீட்டின் அடிப்படை. வசதி வந்தபோது மேலே மாடி எழுப்பியவர்கள் அதற்குப் பிரெஞ்சு பாணியில் வளைவுச் சன்னலும் தூண் வரிசைக் கைப்பிடிச் சுவரும் வைத்தார்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற இந்தக் கலப்பு இந்தத் தெருக்களின் தனி முகம்.

இப்படி ஒரு தெருவில் வசிப்பவர்களும் அவர்களுக்குத் துணையாக வேலை செய்ய வரும் இளம் கட்டடக் கலைஞர்களும் தன்னார்வலர்களும் எங்கே தொடங்குவது என்பதை இங்கே சொல்கிறோம். அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: குடியிருப்பவர் அங்கேயே வசதியாகக் குடியிருக்க முடிந்தால் வீடு நிற்கும். அதனால் முகப்புக்கு வண்ணம் அடிப்பது வேலையின் கடைசிக் கட்டம். பெரும்பாலான முயற்சிகள் அதிலிருந்து தொடங்கி அதிலேயே பணத்தைத் தீர்த்துவிடுகின்றன.

எவ்வளவு பெரிய இடத்தை எடுப்பது

இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுவே உள்ள ஒரே ஒரு துண்டை எடுங்கள். முழு வார்டு என்று தொடங்கினால் கணக்கெடுப்பு முடிவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். புதுச்சேரியிலேயே முன்மாதிரி இருக்கிறது. கால்வே சுப்பராய செட்டியார் தெரு என்ற வைசியாள் தெருவில், 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா உர்ப்ஸ் திட்டத்தின் கீழ் சுமார் 20 வீடுகளின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. புதுச்சேரி நகராட்சி, பாரம்பரியக் காப்புக்கான இன்டாக் அமைப்பு, இத்தாலியின் உர்பினோ நகரம், பிரான்சின் வில்நவ்-சுர்-லோ நகரம் ஆகியவை அதில் பங்காளிகள். அந்தத் தெரு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. இடையில் இடைவெளி விடாமல் ஒரே வரிசையாக வேலை நடந்ததால்தான் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெருவாகத் தெரிந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து வீட்டைச் சரிசெய்தால் அந்தப் பலன் கிடைக்காது.

கணக்கெடுப்பு

வீட்டுக்கு ஒரு தாள் போதும். கதவு எண், மாடி எத்தனை, தாழ்வாரம், திண்ணை, தூண், கதவு, முற்றம், கூரை ஆகியவற்றில் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று குறியுங்கள். ஒவ்வொன்றின் நிலையையும் நல்லது, பழுது, ஆபத்து என்ற மூன்றே தரத்தில் எழுதுங்கள். ஐந்து தரம் வைத்தால் ஆளுக்கு ஆள் மாறும்.

பலர் விட்டுவிடும் இரண்டு விவரங்கள் மிக முக்கியமானவை. முதலாவது, வீட்டுக்குள் எத்தனை அடுப்பு, எத்தனை மின் மீட்டர் என்று எண்ணுவது. பாகம் எத்தனையாகப் பிரிந்திருக்கிறது, எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டாவது, சாலை மட்டத்திலிருந்து திண்ணை எவ்வளவு உயரம் என்பது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால் பல வீடுகளில் மூன்று படி ஒன்றாகிவிட்டது. மழை நீர் உள்ளே போகிற வீடுகள் எவை என்பதை இந்த ஒரு அளவு காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை சாலை போட வரும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்கச் சொல்லி நகராட்சியிடம் மனுக் கொடுக்கவும் இந்த அளவுப் பட்டியல்தான் கையில் இருக்க வேண்டும்.

எதிர்த் திண்ணையில் நின்று, வீட்டுக்கு நேரெதிரே, ஒரே உயரத்தில் கேமராவைப் பிடித்துப் படம் எடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் எடுத்தால் தாழ்வார நிழல் தூண்களை மறைக்காது. படங்களை வரிசையாக ஒட்டி, அளவுகளை வைத்து 1:50-ல் தெருவின் நீள முகப்பு வரைபடம் போடுங்கள். கூட்டத்தில் இந்தப் படத்தை விரித்தால் எல்லோரும் முதலில் தங்கள் வீட்டைத் தேடுவார்கள். அதன் பிறகு பேச்சு தானாக நடக்கும்.

மக்களோடு பேசுவது

கூட்டத்தைத் திருமண மண்டபத்தில் வைக்காதீர்கள். மாலையில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் வையுங்கள். பெண்கள் வருகிற நேரமாகப் பாருங்கள். வீட்டின் ஒழுகலும் குளியலறைப் பிரச்சினையும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"பாரம்பரியம்" என்ற சொல்லோடு தொடங்கினால் உடனே வரும் கேள்வி, "பட்டியல்ல போட்டுட்டா இடிக்க விடமாட்டாங்களே, விலை இறங்கிடாதா?" என்பதுதான். இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ள வீட்டுக்குத் தரத்துக்கேற்பக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் தெருவில் எந்த வீடு எந்தத் தரம் என்பதைப் புதுச்சேரித் திட்டக் குழுமத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பேசுங்கள். முகப்பு, உயரம், முற்றம் போன்றவையே காப்பின் மையம். அடுப்படி, குளியலறை, மின்கம்பி ஆகியவற்றை இன்றைய தேவைக்கேற்ப மாற்றத்தான் வேண்டும். இதைத் தெளிவாகச் சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

பிறகு, வீட்டில் என்ன தொல்லை என்று கேளுங்கள். ஒழுகல், கழிவறை, வண்டி நிறுத்த இடம், கொசு, ஏசி வைக்க வழி என்றுதான் பட்டியல் வரும். வேலைத் திட்டத்தில் இவற்றையும் சேர்க்க வேண்டும். வெளியே அழகு செய்துவிட்டுக் கழிவறைக்குக் கொல்லைக்கு நடக்க வைத்தால் அடுத்த தலைமுறை புறநகர்ப் பிளாட்டுக்குப் போய்விடும்.

வாடகைக்கு இருப்பவர்களைத் தனியாகக் கவனியுங்கள். பழைய வாடகையில் இருக்கும் வீட்டுக்குச் செலவு செய்ய உரிமையாளருக்கு மனம் வராது. குடியிருப்பவர் செலவு செய்தால் நாளைக்கு உரிமை கேட்பாரோ என்ற பயமும் அவருக்கு இருக்கும். இரு தரப்பும் தெருக்குழுவும் சேர்ந்து முத்திரைத் தாளில் ஒரு கடிதம் எழுதிக்கொள்வது நல்லது. இந்தப் பழுது பார்ப்பு யாருடைய உரிமையையும் கூட்டாது, குறைக்காது என்பதையும், இத்தனை ஆண்டுக்கு வாடகை எவ்வளவு என்பதையும் அதில் குறிக்க வேண்டும்.

கையெழுத்தும் காகிதமும்

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் பங்காளிகளில் ஒருவராவது பிரான்சில் இருப்பார். வீடு பூட்டியே கிடக்கும், அல்லது ஒரு சித்தப்பா மட்டும் காவலுக்கு இருப்பார். அவர் "செய்யுங்க" என்று சொன்னது போதாது. எல்லாப் பங்குதாரர்களின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது ஒரு அண்ணன் தம்பி மனுப் போட்டால் சாரம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்கே சான்றளித்த அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். இதைத் தவறவிட்டுத் திரும்ப எழுதி வாங்குவது அடிக்கடி நடக்கிறது. பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் பாருங்கள். பழைய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அலுவலர்) எழுதியவையாக இருக்கும். மொழிபெயர்க்கக் காலம் ஆகும் என்பதால் முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

தாழ்வாரம் தெருவின் ஓரத்தில் நிற்பது. அதைத் திரும்பக் கட்டுவதற்கு நகராட்சியின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு என்று சொல்லி எடுக்கச் சொல்வார்கள்.

பணம்

வீட்டுக்காரர் பாதி, திட்டம் பாதி என்ற முறைதான் வைசியாள் தெருவில் கைகொடுத்தது. முழுக்க இலவசமாகச் செய்துகொடுத்த வேலையைப் பின்னால் யாரும் பராமரிப்பதில்லை. உதவித் தொகையை முகப்பு, தாழ்வாரம், கூரை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்வேலைக்கு உதவித் தொகை கொடுத்தால், "அவங்க வீட்டுக்கு மட்டும் டைல்ஸா?" என்ற சண்டை வரும்.

வீட்டுக்காரரின் பங்கு முதலில் கூட்டுக் கணக்கில் விழட்டும். மேஸ்திரிக்கு முன்பணம் சிறியதாக இருக்கட்டும். மீதியை முடிந்த வேலையை அளந்து கட்டம் கட்டமாகக் கொடுங்கள். மதிப்பீட்டில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். பழைய வீட்டில் கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தின் நுனி உளுத்திருப்பது மேல்பூச்சைத் தட்டிய பிறகுதான் தெரியும்.

நாட்காட்டி

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கூரை வேலையைச் சனவரியில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள். செப்டம்பர் மாதம் தூம்பு (மாடித் தண்ணீர் வெளியேறும் குழாய்), வடிகால், கைப்பிடிச் சுவர் விரிசல் ஆகியவற்றுக்கு. ஏப்ரல், மே வெயிலில் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்தால் ஈரச் சாக்கு தொங்கவிடாமல் விடக் கூடாது. சீக்கிரம் காய்ந்த பூச்சு வலை வலையாக வெடிக்கும்.

தண்ணீர்தான் முதல் எதிரி

பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, கடற்கரைச் சாலையில் எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம். தெருவில் ஒரு வீட்டுக்கு அந்த நிலை வராமல் இருக்க, மொட்டை மாடியில் நின்று பார்க்க வேண்டியவை இவை: தூம்பு அடைத்திருக்கிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் உண்டா, தண்ணீர்த் தொட்டி எந்தச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கொடுங்கையில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் செங்கல்லுக்கு நடுவே ஓடியிருக்கும். இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லியைத் தடவி, வேர் செத்த பிறகு பூச்சைத் திறந்து எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள். வெட்டிவிட்டு மட்டும் வந்தால் அடுத்த மழைக்கு இரண்டு கிளையாகத் தழைக்கும்.

மெட்ராஸ் டெரஸ் கூரை

மாடித் தளம் பெரும்பாலும் தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியதாக இருக்கும். அதன் மேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, அதற்கும் மேல் தட்டோடு.

சோதனை எளிது. சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு சட்டத்தையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். காற்று படாத அந்த நுனியில்தான் ஈரமும் கறையானும் முதலில் பிடிக்கும். நடுவில் திடமாக இருக்கும் சட்டத்தை நுனிக்காக முழுதாக மாற்றத் தேவையில்லை. கெட்ட துண்டை அறுத்து, நல்ல தேக்கைச் சாய்வாக இணைத்துப் போல்ட் போடும் வேலை தெரிந்த ஆசாரிகள் இருக்கிறார்கள். சுவரில் நுனி உட்காரும் குழியில் சுற்றிலும் கொஞ்சம் காற்றிடம் விடச் சொல்லுங்கள்.

மேல்தளத்தைத் திரும்பப் போடும்போது ஜல்லிக் கலவையைப் பரப்பி, மரக்கட்டையால் பல நாள் தட்ட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவார்கள். கட்டை பதியாமல் துள்ளத் தொடங்கினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். சரிவு 10 அடிக்கு 2 அங்குலம் இருக்கட்டும். கூலி அதிகம் என்று தட்டும் நாளைக் குறைப்பதுதான் இந்த வேலை கெடும் இடம்.

இன்னொரு தவறு எல்லா வீட்டிலும் உண்டு. ஒழுகும்போதெல்லாம் மேலே சிமெண்டு அடுக்கு ஒன்று போட்டு மூடுவது. நான்கு முறை போட்ட பிறகு கூரை ஒழுகுவதோடு கனமும் ஏறி, சட்டங்கள் வளைந்து நிற்கும். அந்த அடுக்குகளைக் கையால் உளி வைத்து எடுக்க வேண்டும். இயந்திரம் வைத்து அதிரவிட்டால் அடியில் உள்ள செங்கல் வரிசை கலகலத்துவிடும்.

தாழ்வாரத்தில் கவனிக்க வேண்டியது தூணின் அடி. மரத்தூண் கல் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். சாலை உயர்ந்து கல் மண்ணுக்குள் போன இடங்களில் தூண் அடியிலிருந்து மக்குகிறது. நாட்டு ஓட்டைப் பொறுத்தவரை, இடிக்கும் வீடுகளிலிருந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பழைய ஓட்டைத் தெருப்பக்கமும் புது ஓட்டைப் பின்வரிசையிலும் போட்டால் கண்ணை உறுத்தாது.

சுவரும் சுண்ணாம்பும்

பழைய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். கடலோர உப்பும் சேர்ந்து செங்கல்லைப் பொடியாக்கும். ஒரு ஆள் உயரத்துக்கு உப்புப் பூத்து, அதை மறைக்க டைல்ஸ் ஒட்டி, இப்போது ஈரம் மாடிவரை ஏறிய வீடுகள் இந்தப் பகுதியில் எத்தனையோ. உப்புப் பூத்த இடத்தில் ஈரக்கோட்டுக்கு மேலே 2 அடிவரை பூச்சை எடுத்து, சில வாரம் திறந்தபடி விட்டு, பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

பழைய பூச்சு எந்த விகிதம் என்று அறிய, ஒரு துண்டைப் பொடித்து எடைபோட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்பு கரையும், மணல் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து மீண்டும் எடைபோட்டால் கணக்கு வந்துவிடும். மணலில் சிப்பித் துண்டு கலந்திருந்தால் அதுவும் கரைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

நீறாத சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறித்தால் கண் போகும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறட்டும். நாள் ஆக ஆக நல்லது. முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்று மணல், இரண்டாவதற்கு 2 பங்கு. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நகத்தால் அழுத்தினால் பதியாத அளவு இறுகிய பிறகே அடுத்தது. கடல் மணல் எக்காரணத்தைக் கொண்டும் வேண்டாம்.

கொத்தனாரைத் தேர்ந்தெடுக்க அவர் சொல்வதைக் கேட்பதைவிட, பின்சுவரில் 3 அடிக்கு 3 அடி பூசச் சொல்லி இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. வெடித்திருந்தால் மணல் மிகப் பொடியாக இருந்திருக்கும், அல்லது கலவையில் தண்ணீர் கூடியிருக்கும். தட்டினால் உள்ளே வெற்றிடம் போன்ற சத்தம் வந்தால் பூசுவதற்கு முன் சுவரை நனைக்கவில்லை.

வண்ணத்துக்கு ஒரு வார்த்தை. தமிழர் தெருவில் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சளும் வெள்ளைக் கரையும் அடித்து வைப்பது இப்போது ஒரு நோயாகப் பரவியிருக்கிறது. மறைவான ஓர் இடத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள்; வீட்டின் பழைய நிறம் கிடைக்கும். எமல்ஷன் வேண்டாம், ஒரு கிலோ சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடித்து, நிறத்துக்குக் காவி போன்ற மண்நிறம் கலந்து 3 முறை அடியுங்கள். காய்ந்ததும் நிறம் வெளுக்கும்.

திண்ணைக் கம்பியும் விருந்தினர் விடுதியும்

திண்ணையைக் கம்பி போட்டு அடைத்தவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இரவில் குடித்துவிட்டு வந்து படுப்பவர்கள், செருப்பு முதல் சைக்கிள் வரை திருட்டு எல்லாம் உண்மை. முதலில் தாழ்வாரத்துக்குள் விளக்குப் போடுங்கள். அதற்குப் பிறகும் கம்பி வேண்டும் என்றால், தூண் வரிசையில் வைக்காமல் திண்ணையின் உட்பக்கத்தில், பகலில் மடித்துவிடும்படி மரச்சட்டத்தில் செய்துகொடுங்கள்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு விருந்தினர் விடுதி நல்ல வழிதான். ஆனால் தெருவே விடுதியானால் வாடகை ஏறி, குடியிருந்தவர்கள் போய்விடுவார்கள். 20 வீட்டில் இத்தனைதான் விடுதி என்று தெருக்குழு முதலிலேயே எழுதி வைக்கட்டும். உரிமையாளர் உள்ளேயே இருந்து இரண்டு அறையை மட்டும் விடும் வீடுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். பலகை ஒரே அளவில், தாழ்வாரத்துக்கு உள்ளே.

யாராவது இடிக்கப் போகிறேன் என்றால்

ஒரு வீட்டிலாவது இது வரும். உணர்ச்சியைப் பேசாமல் கணக்கைப் பேசுங்கள். அவருக்குத் தேவை எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். இந்த மனைகள் குறுகி நீண்டவை. கொல்லைப் பக்கம் இடம் இருக்கும். முகப்பு, நடை, முற்றம் வரை அப்படியே வைத்துவிட்டு, முற்றத்துக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழுப்பலாம். எதிர்த் திண்ணையில் நிற்பவரின் கண் மட்டத்திலிருந்து முகப்பின் உச்சியைத் தொட்டு ஒரு கோடு இழுங்கள். புதுக் கட்டடம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் தெருவிலிருந்து தெரியாது. இந்தக் குறுக்கு வெட்டு வரைபடத்தை இரண்டு மாற்றுத் திட்டங்களோடும் செலவு ஒப்பீட்டோடும் போட்டு, குடும்பத்தின் கையெழுத்தை வாங்கித் திட்டக் குழுமத்துக்குக் கொடுங்கள். இடிப்பு அனுமதிக்கான மனு போவதற்கு முன்னால் இது போய்ச் சேர வேண்டும்.